குறை சொல்ல ஒன்றும் இல்லை

வாசகர் கடிதம்:

"அண்ணாச்சி, வணக்கம். எனக்கு ஊர் வீரவநல்லூர். வயது 24. பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, கேம் செய்கிற மென்பொருளான யூனிட்டியைக் கற்றுக்கொண்டு பதினான்கு மாதத்தில் ஒரு கேம் செய்திருக்கிறேன். நம்ம நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம்தான் விஷயம். தேரை இழுத்து நாலு ரத வீதியும் சுற்றி நிலைக்குக் கொண்டுவர வேண்டும். 40 லெவல், ஐந்து தேர், கடை, தினசரிப் பரிசு எல்லாம் வைத்திருக்கிறேன். பக் ஒன்றும் கிடையாது. படம் அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் ஒருத்தரும் இரண்டாம் தடவை திறப்பதில்லை. கூடப் படித்த சிநேகிதனே போனில் இடம் பத்தவில்லை என்று அழித்துவிட்டான். கேட்டால், 'நல்லாத்தான் இருக்குடே, குறை சொல்ல ஒண்ணும் இல்லை' என்கிறான். ஒரு கேம் எதனால் சுமாராகப் போகிறது? இன்னும் 60 லெவல் சேர்த்தால் சரியாகுமா? வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இதில் இறங்கலாமா?"

தம்பி,

நீங்கள் அனுப்பிய கேமை என் போனில் ஏற்றி மூன்று நாள் வைத்திருந்தேன். நான் ஆடினேன், வீட்டில் ஆடினாள், லீவுக்கு வந்திருந்த அக்கா மகனும் ஆடினான். அவன் எட்டாம் வகுப்பு. போனைக் கையில் கொடுத்தால் சோறு தண்ணீர் கேட்காத ஆள். உங்கள் கேமை இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஆடினான். பிறகு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாமா, அத்தை முறுக்கு டப்பாவை எங்க வச்சிருக்காங்க?" என்றான். கேம் எப்படி இருக்கிறது என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் நல்லா இருக்கு என்றுதான் சொல்லியிருப்பான்.

உங்கள் சிநேகிதர் சொன்ன வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம்ம பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள், தேங்காய்ப்பாலில் செய்கிற சொதிக் குழம்போடு சாப்பாடு போடுகிறார்கள். சொதி நன்றாக அமைந்துவிட்டால் யாரும் பாராட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், இலையில் குழி பண்ணி "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க" என்பார்கள். திரிந்துபோயிருந்தால் ஆறு மாதத்துக்கு அதுதான் பேச்சு. இரண்டுமாக இல்லாதபோது கை கழுவிக்கொண்டே சொல்லும் வார்த்தைதான் "குறை சொல்ல ஒண்ணும் இல்லை". சுமாரான கேமுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

மோசமான கேமுக்காவது ஒரு சரித்திரம் மிஞ்சுகிறது. 1982இல் அடாரி கம்பெனி 'ஈ.டி.' என்று ஒரு கேம் கொண்டுவந்தது. கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டும் என்று ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆளிடம் கொடுத்து, ஐந்தே வாரத்தில் முடிக்க வைத்தார்கள். அடி வைத்தால் பள்ளம், ஏறி வந்தால் மறுபடி பள்ளம். ஆடினவர்களுக்கு வெறுத்துப்போனது. விற்காத சரக்கில் ஒரு பகுதியை மறுவருஷம் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 2014இல் அதைத் தோண்டி எடுத்தபோது வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நின்றது. சுமாரான கேமுக்கு இந்தக் கொடுப்பினைகூடக் கிடையாது. வாட்ஸ்அப் வீடியோவுக்கு இடம் பத்தாதபோது அதன் கதை முடிந்துவிடும்.

இன்னும் 60 லெவல் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது ஓடித் தாண்டுகிற கேம் ஒன்று செய்தோம். முடிகிற நேரத்தில் ஆடிப் பார்த்தவர்கள் உங்கள் சிநேகிதர் மாதிரியே பேசினார்கள். என்னமோ குறைகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது, என்ன என்றுதான் தெரியவில்லை. "லெவல் பத்தவில்லை" என்று கூட்டத்தில் கை தூக்கிச் சொன்னது நான்தான். மூன்று மாதம் கண் விழித்து இன்னும் ஐம்பது லெவல் செய்தேன். ஒவ்வொன்றிலும் வேறு வேறு மரம், வேறு வேறு வானம். கேம் வெளிவந்த பிறகு கணக்கு எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டாம் லெவலைத் தாண்டினவர்கள் அபூர்வம். நான் வரைந்த வானத்தை நானும் பக்கத்து மேசைக்காரரும்தான் பார்த்திருக்கிறோம்.

என்னைவிடப் பெரிய ஆட்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற கேம் வந்தது. அதில் 18,446,744,073,709,551,616 கிரகங்கள். அறுபத்து நாலு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருகிற எண். ஒரு ஆயுசில் சுற்றி முடிக்க முடியாது. ஆனால் ஐந்தாவது கிரகத்தில் இறங்கும்போதே, முன்னால் செய்ததையே மறுபடி செய்கிறோம் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரிந்துபோனது. கல்லை உடை, எரிபொருள் நிரப்பு, அடுத்த கிரகத்துக்குப் போ. வெளிவருவதற்கு முன்னால் பேசின பேச்சுக்கும் கையில் கிடைத்ததற்கும் இருந்த தூரத்தில் ஜனங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கம்பெனிக்காரர்கள் அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு வருஷக்கணக்கில் இலவசமாகத் திருத்தம் போட்டுப் போட்டு நல்ல பெயர் வாங்கினார்கள், அது வேறு கதை. இங்கே நமக்கு வேண்டியது, ஒரு கிரகத்தில் செய்யச் சுவையான வேலை இல்லை என்றால் எத்தனை கோடி கிரகம் இருந்தாலும் இல்லை என்பதுதான்.

ஆகவே உங்கள் 40 லெவலையும் மறந்துவிட்டு முதல் லெவலின் முதல் இழுப்பை மட்டும் பார்ப்போம்.

திரையில் வடம் கிடக்கிறது. விரலை வைத்து இழுக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுக்கிறேன். இப்போது வடம் அசைகிறது, முதல் இழுப்புக்கா இரண்டாவதுக்கா என்று தெரியவில்லை. எனக்குத்தான் வயதாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்து, இன்னொரு போனை ஸ்டாண்டில் நிறுத்தி, விநாடிக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோமோஷனில் என் விரலையும் திரையையும் சேர்த்துப் படம் பிடித்தேன். விரல் பட்டதிலிருந்து வடம் அசைகிற வரைக்கும் எண்ணினால் 130 படம். அதாவது அரை விநாடிக்கும் கொஞ்சம் மேலே. உங்கள் கேம் விநாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 திரைப்படம் மாற்றி ஓடுகிறது, ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி விநாடிதான். போன் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது, நீங்கள்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஆட்கள் குனிந்து வடம் பிடிக்கிற அனிமேஷன் முடிகிற வரை அடுத்த தொடுகையைக் கேம் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த அனிமேஷனுக்கு நீங்கள் எத்தனை ராத்திரி உழைத்தீர்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. அதனால்தான் அதை முழுசாகக் காட்டாமல் விட உங்களுக்கு மனசு வரவில்லை.

தேர் கனமானது, மெதுவாகத்தானே நகரும் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். தேர் மெதுவாக நகரட்டும், வடம் உடனே விறைக்க வேண்டும். நிஜத்தில் என்ன நடக்கிறது? தொட்ட மாத்திரத்தில் உள்ளங்கையில் நார் அறுக்கிறது. வடம் தரையிலிருந்து எழும்பி நீளமாக ஒரு நடுக்கம் நடுங்குகிறது. முன்னால் இருக்கிறவர் முதுகு நம் நெஞ்சில் இடிக்கிறது. தேர் அப்போதும் அசையவில்லை. ஆனால் நம் கை போட்ட பலம் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு மரச் சத்தம், கிறீச்சென்று, சக்கரம் ஒரு சாண் உருளுகிறது. இந்த வரிசையில் கனம் தெரிகிறது. உங்கள் கேமில் அதே தாமதம் பாரமாகத் தெரியாமல் போன் தொங்கிவிட்டது போலத் தெரிகிறது. விரல் பட்ட அடுத்த ஃப்ரேமிலேயே வடத்தை விறைக்க விடுங்கள், போனை லேசாக அதிரவிடுங்கள், புழுதி கொஞ்சம் கிளம்பட்டும். தேர் அதன் பாட்டுக்கு ஒன்றரை விநாடி கழித்து நகரட்டும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கை சொன்னதைக் கேட்பது என்றால் சொன்ன நொடியில் கேட்பது மட்டும் கிடையாது. கொஞ்சம் முன்னே பின்னே சொன்னாலும் கேட்டுக்கொள்வதும் அதில் சேர்த்தி. 2018இல் வந்த 'செலஸ்ட்' மலையேறுகிற கேம். ரொம்பக் கஷ்டமானது, ஆனால் ஆடினவர்கள் யாரும் அது அநியாயம் பண்ணுகிறது என்று சொல்லிக் கேட்டதில்லை. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் சில ஃப்ரேமுக்குள் குதிக்கிற பட்டனை அமுக்கினால் அது ஒத்துக்கொள்கிறது. தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அமுக்கிவிட்டாலும் ஞாபகம் வைத்திருந்து, தொட்டவுடன் குதிக்கிறது. ஆடுகிறவருக்கு இந்தச் சலுகை தெரியவே தெரியாது, நம் கை இன்று நன்றாக ஓடுகிறதே என்றுதான் நினைப்பார். நீங்களோ ஒரு ஃப்ரேம் பிசகினாலும் இழுப்பு செல்லாது என்று தள்ளிவிடுகிறீர்கள். அரிசிக் கடையில் ஒரு மணி அரிசிக்குக்கூடத் தராசைத் தட்டிப் பார்க்கிற ஆளிடம் யார் இரண்டாம் தடவை போவார்கள்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் கேமில் தேர் தெரு முனைக்கு வந்தவுடன் என் கையிலிருந்து ஆட்டத்தைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். ஒரு அழகான காட்சி ஓடுகிறது, கேமரா மேலே பறக்கிறது, தேர் தானாகத் திரும்பி அடுத்த தெருவில் நிற்கிறது. மறுபடி இழு, இழு, இழு.

தம்பி, தேரோட்டம் பார்க்கப் போன நாம் எல்லாரும் எங்கே போய் நிற்போம்? நேர்த் தெருவிலா நிற்போம்? நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாகையடி முக்கில் இடம் பிடிக்கத்தான் அலைவார். தேர் அலங்காரம் என் நினைவில் மங்கிவிட்டது. சக்கரத்துக்கு முன்னால் கட்டையோடு ஓடின ஒரு ஆளின் முதுகு மங்கவில்லை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். பின்னாலிருந்து தடி போடுகிறவர்கள் ஒரு பக்கம் கத்துகிறார்கள், வடத்துக்காரர்கள் ஒரு பக்கம் கத்துகிறார்கள், இவர் யாரையும் பார்க்காமல் சக்கரத்தை மட்டும் பார்க்கிறார். உள்பக்கச் சக்கரத்தின் அடியில் கட்டையைச் சரியான சாய்வில் கொடுத்துவிட்டுக் கையை உருவிக்கொள்கிறார். அவ்வளவு பெரிய தேர் முனகிக்கொண்டே அந்தக் கட்டையில் உட்கார்ந்து மறுபக்கம் மூக்கைத் திருப்புகிறது. அப்பா மூச்சை விட்டது என் தொடையில் தெரிந்தது.

கட்டையைச் சீக்கிரம் கொடுத்தால் தேர் நின்றுபோகும். மறுபடி கிளப்ப நாலு மடங்கு பாடு, கூட்டத்தின் உற்சாகமும் வடிந்துவிடும். தாமதமாகக் கொடுத்தால் கடைத் திண்ணையில் போய் முட்டும். சாய்வு தப்பினால் எதிர்ப்பக்கம் போகும். உங்கள் கேமில் செய்வதற்கென்று ஒன்று இருந்தால் அது இதுதான். இதைத்தான் நீங்கள் வேடிக்கைக் காட்சியாக ஓட்டிவிட்டு, வேடிக்கை பார்க்கவேண்டிய நேர்த் தெருவை ஆட்டமாக வைத்திருக்கிறீர்கள். முட்டுக்கட்டை என்பது நம் பேச்சில் இடைஞ்சல் என்றாகிவிட்டது. தேர்க்காரர்களைக் கேட்டால் கட்டைபோடுகிறவருக்குத்தான் முதல் மரியாதை என்பார்கள்.

'சிவிலைசேஷன்' என்ற கேமைச் செய்த சிட் மையர், நல்ல கேம் என்றால் சுவாரசியமான முடிவுகளின் வரிசை என்று சொல்லியிருக்கிறார். நம் ஊர்க்காரருக்கு இதைப் புரியவைக்க அவர் வரை போகவேண்டாம். ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, தரையில் கரிக்கட்டையால் கீறின கோடு. படம் கிடையாது, சத்தம் கிடையாது, தினசரிப் பரிசு கிடையாது. பழைய கோயில் மண்டபங்களில் கல்லிலேயே கட்டம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டையும் கையில் எடுக்கும்போது இங்கே வைத்தால் அது போகும், அங்கே வைத்தால் இது போகும் என்று மனசு ஆடுகிறது. பக்கத்தில் நின்று பார்ப்பவன் "ஏலே, அங்க வைக்காதலே" என்று வாய் வைக்காமல் இருக்க முடியாது. உங்கள் கேமை ஆடும்போது பக்கத்தில் இருந்த யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வேகமாக இழு என்பதைத் தவிர எனக்கே வேறு வழி இல்லையே.

ஐந்து தேர் வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் நாணயம் சேர்த்து அம்மன் தேரை வாங்கிப் பார்த்தால் சாமி தேரின் அதே நடை, நிறம்தான் வேறு. பிள்ளையார் தேர் சின்னது, ஓட்டமாக ஓடும், நிறுத்துவதுதான் கஷ்டமாக இருக்கும். சாமி தேர் கிளம்பாது, கிளம்பினால் நிற்காது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கொடுத்தால் ஐந்து தேரும் ஐந்து கேம். இல்லாவிட்டால் ஒரே தேருக்கு ஐந்து சேலை.

தோற்பதைப் பற்றி ஒரு விஷயம். ஏழாவது லெவலில் நான் நன்றாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை சிவப்பாகி "தேர் சாய்ந்தது! மீண்டும் தொடங்கு" என்று வந்தது. ஏன் சாய்ந்தது என்று இன்றுவரை தெரியாது. போய் நிரலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆடுகிறவர் நிரலைப் பார்ப்பாரா? முறுக்கு தேடின நம்ம ஆள் இந்த இடம்வரைக்கும் வரவேயில்லை, வந்திருந்தால் டப்பாவையே எறிந்திருப்பான். தோற்றவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டால் மறுபடி ஆடுவார், கேமைத் திட்டினால் போய்விடுவார். சாய்வதற்கு முன்னால் அச்சு கிரீச்சிடட்டும், கலசம் ஆடட்டும், வடத்தில் ஒரு பக்கம் தொய்யட்டும். "ஐயோ பார்த்தேனே, விட்டுவிட்டேனே" என்று அவர் வாயில் வரவேண்டும்.

அத்தோடு, தேர் சாய்வது வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நம்ம ஊரில் யாருக்கும் அந்தச் சொல் பிடிக்காது. தேர் நின்றுபோவது போதும். ஒரு முக்கில் தேர் நின்று, இருட்டி, ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் இழுத்து நிலை சேர்த்த வருஷங்களை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். கேமிலும் அப்படியே வையுங்கள். தப்பினால் திரை இருட்டட்டும், தெருவில் பெட்ரோமாக்ஸ் எரியட்டும், காலையில் அதே முக்கில் இன்னும் சிக்கலான நிலைமையில் ஆட்டம் தொடரட்டும். "மீண்டும் தொடங்கு" என்று முதலிலிருந்து ஓடவிட்டால் ஏற்கெனவே சுவையில்லாத நேர்த் தெருவை இன்னொரு தடவை இழுக்கச் சொல்கிறீர்கள்.

கடை, தினசரிப் பரிசு, ஒவ்வொரு தெரு முடிவிலும் விளம்பரம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 2017இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' வந்தபோது, பெரிய பாத்திரங்களைத் திறக்க மணிக்கணக்கில் ஆட வேண்டும், சீக்கிரம் முன்னேறக் காசு போடலாம் என்று வைத்திருந்தார்கள். எழுந்த எதிர்ப்பைப் பார்த்து, வெளியாகிற நேரத்தில் காசு வாங்குகிற பகுதியையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பணம் போட்டுச் செய்த கேமுக்கே அந்தக் கதி. முன்னூறு பேர் இறக்கின கேமில் உண்டியல் எதற்கு? ஆனால் தினசரிப் பரிசை நீங்கள் ஏன் வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஜனங்கள் தானாகத் திரும்பி வரவில்லை, அதனால் கொடுத்துக் கூப்பிடுகிறீர்கள். சொதி நன்றாக இருந்தால் வெற்றிலைப் பாக்கில் காசு வைத்துக் கூப்பிட வேண்டுமா?

ஸ்டோரில் "நிஜமான ஆனித் தேரோட்ட அனுபவம், இதுவரை கண்டிராத பிரம்மாண்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் அடியுங்கள். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' எட்டு வருஷத்து எதிர்பார்ப்போடு வந்தது. பழைய பிளேஸ்டேஷன் 4இல் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கேமுக்குள் நல்ல சரக்கு இருந்தது, பிற்பாடு சரிசெய்து பெயரும் எடுத்தார்கள். ஏமாற்றம் என்பது கேமுக்குள்ளேயே முழுவதும் இருப்பதில்லை, பாதி விளம்பரத்தில் இருக்கிறது. "ஒரு முக்கு, ஒரு தேர், ஒரு கட்டை" என்று எழுதுங்கள். அதற்கு மேலே கிடைத்தால் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்களுக்கு மனசு விட்டுப்போக வேண்டாம். 1997இல் வால்வ் என்ற புதுக் கம்பெனி தன் முதல் கேமை வருஷக் கடைசியில் வெளியிடுவதாக இருந்தது. எல்லாம் ஓடியது, எல்லாம் இருந்தது, ஆடிப் பார்த்தால் சுவையில்லை. அவர்களும் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று கடையில் கொண்டுபோய் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. தங்களிடம் இருந்ததில் எதெல்லாம் ரசிக்கும்படி இருக்கிறதோ அதையெல்லாம் ஒரே ஒரு லெவலில் திணித்து ஆடிப் பார்த்தார்கள். அது பிடித்துப்போனது. மற்றதைப் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஒன்றைப் போலவே எல்லாவற்றையும் மறுபடி செய்தார்கள். 1998 நவம்பரில் வெளிவந்த அந்தக் கேம்தான் 'ஹாஃப் லைஃப்'.

அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் உங்களுக்கு நான் எழுதித் தருகிற மருந்துச் சீட்டு. வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்து கேமைக் கொடுத்து, செய்தவர்கள் அவருக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்துகொள்வார்கள். பேசக் கூடாது. ஆள் கதவு தெரியாமல் சுவரை முட்டிக்கொண்டு நின்றாலும் "அந்தப் பக்கம் சார்" என்று சொல்லக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் நூறு திருத்தம் சேர்ந்துவிடும். சொந்தக் கேமை ஒருவர் தப்புத் தப்பாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். பல்லைக் கடித்துத் தாடை வலிக்கும்.

நீங்கள் இதுவரை யாரிடம் காட்டியிருக்கிறீர்கள்? சிநேகிதன், தங்கச்சி, பக்கத்து வீட்டு அண்ணன். கொடுக்கும்போதே பக்கத்தில் நின்று "இங்க அமுக்கணும், இப்ப இழு" என்று சொல்லியிருப்பீர்கள். அப்புறம் "எப்படி இருக்கு" என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். நம்ம ஊர் ஆள் உங்கள் முகத்துக்கு நேரே என்ன சொல்வான்?

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். விடக் கூடாது. பணக் கணக்கை விடுங்கள், உங்கள் கடை மாதிரி ஒரு இடம் பெங்களூரில் எங்களுக்குக் கிடைத்ததில்லை. ஸ்கிரீன் கார்டு ஒட்ட வருகிறவர், டிஸ்பிளே மாற்றக் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் ஸ்டூலில் காத்திருக்கிறவர், முக்கூடலிலிருந்து பஸ் பிடித்து வந்த அம்மா, மேலப்பாளையத்துப் பையன்கள். யாருக்கும் உங்களைத் தெரியாது, உங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் கிடையாது. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, கடையில் கிடக்கிற பழைய போன் ஒன்றில் கேமைப் போட்டு ஸ்டூல் பக்கத்தில் வையுங்கள். விலை குறைந்த பழைய போனாக இருப்பது இன்னும் நல்லது, உங்கள் ஆட்டக்காரர்கள் கையில் இருப்பது அதுதான். "சும்மா ஆடிப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நீங்கள் செய்தது என்று சொல்லாதீர்கள்.

நோட்டில் அவர் சொன்னதை எழுத வேண்டாம். கை செய்ததை எழுதுங்கள். எங்கே இரண்டு தடவை அமுக்கினார், எங்கே விரல் தயங்கி நின்றது, எப்போது நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார், எத்தனையாவது நிமிடத்தில் போனைக் கீழே வைத்தார். தொடக்கத்தில் குருக்கள் வந்து பதினோரு பெட்டியில் விளக்கம் சொல்கிறாரே, அதை எத்தனை பேர் படிக்காமல் தட்டித் தள்ளுகிறார்கள் என்று தனியாக ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். எனக்கு அந்தக் கணக்கு என்ன வரும் என்று இப்போதே தெரியும், இருந்தாலும் நீங்களே பாருங்கள். போனை வாங்க வரும்போது, "ஒரு நிமிஷம் இருங்க தம்பி, இந்த முக்கை மட்டும் திருப்பிட்டுத் தாரேன்" என்று யாராவது சொன்னால், அன்று ராத்திரி எனக்கு போன் பண்ணுங்கள், எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அதற்கு முதலில் ஒரு முக்கு வேண்டும். 39 லெவலையும் ஒரு ஃபோல்டரில் போட்டு மூடுங்கள். அழிக்க வேண்டாம், மனசு கேட்காது. ஒரே ஒரு தேர், வாகையடி முக்கு, இடது விரலில் வடம், வலது விரலில் கட்டை. நாணயம் இல்லை, கடை இல்லை, குருக்கள் இல்லை. அந்த எட்டு விநாடி மேளத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டுகிறீர்களே, அதையும் நிறுத்திவிட்டு மரச் சத்தத்தையும் ஜனச் சத்தத்தையும் மட்டும் வையுங்கள். நிஜச் சத்தத்தை அப்புறம் ஆனித் தேருக்குப் போகும்போது போனைச் சட்டைப் பையில் வைத்துப் பதிவு பண்ணிக்கொண்டு வரலாம். மூன்று வாரத்து வேலை.

முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வந்தால் நல்லது. அக்கா மகன் ஊருக்குப் போய்விட்டால் அப்புறம் காலாண்டு லீவுக்குத்தான் வருவான்.